மாமாவின் டிசையர்: 2,14,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியை விற்ற நிகழ்வு ஆய்வு

என் தாய்மாமா திருப்பூரில் நூல் ஏஜென்ட். ராஜபாளையம், திண்டுக்கல், கோவை என்று மில் மில்லாகச் சுற்றுவதுதான் அவர் பிழைப்பு. 2014 மார்ச்சில் வாங்கிய மாருதி ஸ்விஃப்ட் டிசையர் டீசல், விடிஐ. டிஎன் 39 பதிவு, ஃபர்ஸ்ட் ஓனர். 2025 ஜூலையில் மீட்டர் 2,14,000 காட்டியது. வருடத்துக்குக் கிட்டத்தட்ட 19,000 கிலோமீட்டர்.

"விஜயதசமிக்குப் புது வண்டி எடுத்தரலாம்னு இருக்கேன் மாப்பிள்ளை. இதை ஷோரூம்லயே தள்ளிவிட்டரலாமா, இல்ல வெளிய குடுக்கலாமா? நீ கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்றார்.

பார்த்துச் சொல்ல இரண்டரை மாதம் ஆனது. ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை என்ன செய்வது என்று என்னிடம் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால், நடந்ததைக் கணக்கோடு எழுதி வைக்கிறேன்.

முதலில் கேட்ட மூன்று விலைகள்

முதல் விலை, மாமா புது வண்டி எடுக்கப் போகும் ஷோரூமில். ஆகஸ்ட் முதல் வாரம், ஆடி மாதம். கூட்டமே இல்லை. வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எக்ஸ்சேஞ்சுக்கு 2,60,000 போட்டுத் தரோம் சார்" என்றார்கள். மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அங்கேயே சரி என்று சொல்லிவிடுவார் போலிருந்தது.

நான் ஒன்று மட்டும் கேட்டேன். பழைய வண்டியே கொடுக்காமல், வெறும் கையோடு வந்தால் புது வண்டிக்கு என்ன தள்ளுபடி? கொஞ்சம் யோசித்து, 40,000 என்றார்கள். எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால் அந்தத் தள்ளுபடி கிடையாது. ஆக, பழைய வண்டிக்கு அவர்கள் உண்மையில் கொடுப்பது 2,20,000தான். மீதி 40,000 நமக்கு எப்படியும் வரவேண்டிய பணம், வேறு தலைப்பில் எழுதப்பட்டது. இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன், வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் எக்ஸ்சேஞ்ச் பேசப் போகிறவர்கள் புது வண்டியின் விலையைத் தனியாக முடித்துக்கொண்டு, அதற்கப்புறம் பழைய வண்டியைப் பற்றி வாய் திறப்பது நல்லது. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் எந்தப் பணம் எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது.

இது போக 20,000 எக்ஸ்சேஞ்ச் போனஸ் உண்டு. அதைப் பற்றித் துருவிக் கேட்டதில் ஒரு நல்ல விஷயம் தெரிந்தது. பழைய வண்டியை வெளியே விற்றாலும், பெயர் மாறிய ஆர்.சி. நகலை 60 நாளுக்குள் கொடுத்தால் போனஸ் தருவதாகச் சொன்னார்கள். கொட்டேஷன் தாளிலேயே அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். எல்லா ஷோரூமும் இதற்கு ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

இரண்டாவது, ஆன்லைனில் பழைய கார் வாங்கும் ஒரு நிறுவனம். ஆப்பில் விவரம் போட்டதும் 2,70,000 முதல் 2,95,000 வரை என்று காட்டியது. வீட்டுக்கு ஆள் வந்து ஒன்றரை மணி நேரம் சோதித்த பிறகு வந்த விலை 2,15,000.

மூன்றாவது, அவினாசி ரோட்டில் பழைய கார் வாங்கி விற்கும் ஒரு கார் கன்சல்டிங். அவர் 2,30,000 சொன்னார், கையில் பணம். கூடவே ஒரு யோசனையும் சொன்னார். "மீட்டரை 98,000க்குக் கொண்டுவந்தரலாமுங்க. அப்புறம் பாருங்க விலையை." மாமா உடனே எழுந்துவிட்டார். எனக்கு அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது. மீட்டரைக் குறைப்பது மோசடிக் குற்றம் என்பது ஒரு பக்கம். அதைவிட, அந்த எண்ணை நம்பித்தான் அடுத்தவர் பிரேக், கிளட்ச், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் கணக்குப் போடுவார். குடும்பத்தோடு மலைப்பாதையில் ஏறுகிறவருக்குப் பொய்யான எண்ணைக் கொடுத்து அனுப்புவது பெரிய பாவம்.

ஆக, கடையில் கொடுத்தால் 2,15,000 முதல் 2,30,000. இதுதான் தரைவிலை. இதைத் தெரிந்துகொள்ளாமல் வெளியே விளம்பரம் போட்டால், பேரத்தில் எங்கே நிற்பது என்றே நமக்குத் தெரியாது.

இரண்டு லட்சம் என்ற எண்ணுக்கு உள்ளே என்ன இருக்கிறது

எல்லோரும் மீட்டரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் 2,14,000 கிலோமீட்டர் எப்படி ஓடியது என்று ஒருவரும் கேட்கவில்லை. நகரத்துக்குள் தினமும் நாலு தடவை ஸ்டார்ட் பண்ணி, கிளட்ச்சில் கால் வைத்தபடியே ஊர்ந்து 80,000 ஓடிய வண்டியைவிட, காலையில் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி நாலு வழிச் சாலையில் 200 கிலோமீட்டர் ஒரே சீராகப் போன வண்டியின் இன்ஜின் நன்றாக இருக்க முடியும். தேய்மானம் அதிகம் நடப்பது குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போதுதான்.

அந்த டிசையரில் இருப்பது 1,248 சிசி டிடிஐஎஸ் டீசல் இன்ஜின், 75 குதிரைத்திறன். ஃபியட்டின் மல்டிஜெட் வடிவமைப்பை உரிமம் வாங்கி இந்தியாவிலேயே செய்தது. மாருதி மட்டுமின்றி டாடா, ஃபியட் வண்டிகளிலும் அதே இன்ஜின் ஓடியதால், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அது அத்துப்படி. இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் செயின் நீண்ட நாள் வரும். ஆயிலில் கஞ்சத்தனம் பண்ணினால் செயின் தளர்ந்து, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கரகரவென்று சத்தம் கொடுக்கும். எனவே இந்த வண்டியைப் பொறுத்தவரை கேட்கவேண்டிய கேள்வி, ஆயில் எத்தனை தடவை மாற்றினீர்கள் என்பதுதான்.

அங்கேதான் மாமாவின் ஒரு பழக்கம் எங்களுக்குக் கைகொடுத்தது. வியாபாரி என்பதால் எல்லா பில்லையும் ஃபைல் பண்ணி வைப்பார். பதினொரு வருடத்து சர்வீஸ் பில்களை மொத்தமாகத் தரையில் பரப்பித் தேதிவாரியாக அடுக்கினேன். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில், ஃபில்டர். மொத்தம் 21 பில். நடுவில் இரண்டு விடுபட்டிருந்தன. 96,000ல் ஒரு முறை கிளட்ச் மாற்றியது, 1,50,000ல் நான்கு ஷாக் அப்சார்பர், 1,80,000ல் இரண்டு இன்ஜெக்டர் சரிபார்த்தது எல்லாம் அதில் இருந்தன.

விளம்பரம் போடும் முன் வெளியில் ஒரு மெக்கானிக்கிடம் 1,000 ரூபாய் கொடுத்து, இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் சோதிக்கச் சொன்னேன். சூடான இன்ஜின் பல நோயை மறைத்துவிடும். செயின் சத்தம் இல்லை. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார், புகை பொங்கவில்லை, அதாவது பிஸ்டன் ரிங் இன்னும் பிடிப்போடு இருக்கிறது. கூலன்ட்டில் எண்ணெய்ப் படலம் இல்லை. கிளட்ச் மட்டும் மேலே வந்துதான் பிடித்தது. "இன்னும் அஞ்சாறாயிரம் கிலோமீட்டர் போகும், அவ்வளவுதான்" என்றார். முன்பக்கம் லோயர் ஆர்ம் புஷ் தட்டியது.

எதைச் சரி பண்ணுவது, எதை விடுவது? ஓட்டிப் பார்க்கிறவர் காதில் விழும் சத்தத்தையும் மூக்கில் ஏறும் நாற்றத்தையும் நீக்குவது லாபம். புஷ், லிங்க் ராடு மாற்ற 4,800, ஏசி சுத்தம் பண்ணி கேஸ் நிரப்ப 2,200, உள்ளே கழுவ 1,800. மொத்தம் 8,800. கிளட்ச்சை மாற்றவில்லை. நாம் போடும் புது கிளட்ச்சை நம்பி யாரும் முழுப் பணத்தையும் கூட்டிக் கொடுக்க மாட்டார்கள். சொல்லிவிட்டுக் கழித்துக் கொடுப்பது மேல். பெயின்ட் கீறல்களையும் தொடவில்லை. புதிதாகப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த பழைய வண்டியைப் பார்த்தால், எங்கே அடிபட்டதோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும்.

காகிதத்தில் இருந்த முள்

வண்டி தயார். ஆனால் ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தால் இன்னும் பேங்க்கின் பெயர் அதில் இருந்தது. கடன் 2018லேயே முடிந்துவிட்டது. பேங்க் அப்போது கொடுத்த என்.ஓ.சி.யை (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) மாமா பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிட்டார். அந்தக் காகிதத்தின் காலக்கெடு முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. பேங்க்கில் புதிதாக வாங்கப் பன்னிரண்டு நாள். அதற்கப்புறம் படிவம் 35 வைத்து ஆர்.டி.ஓ. ஆபீசில் ஹைப்போதிகேஷனை, அதாவது ஆர்.சி.யில் இருந்த பேங்க் கடன் பதிவை, நீக்கினோம். மொபைல் நம்பரும் வேறு யாருடையதோ பதிவாகியிருந்தது. ஓ.டி.பி. எல்லாம் அந்த நம்பருக்குத்தான் போகும் என்பதால் அதையும் மாற்றினோம். செலவு சுமார் 2,500 ரூபாய், காலம் ஒரு மாதம். கடன் முடிந்த வாரத்திலேயே செய்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை. உங்கள் வீட்டு வண்டியின் ஆர்.சி.யை இன்றைக்கே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

இந்த ஒரு மாதத்தில் சந்தையும் மாறிவிட்டது. ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. குறையப் போகிறது என்ற அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு செஸ் சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. புது வண்டி இறங்கினால் பழைய வண்டியும் இறங்கும். அதே ஷோரூமில் மறுபடி கேட்டபோது 2,20,000 என்றது 2,05,000 ஆகியிருந்தது.

ஆனால் எங்களுக்குச் சாதகமாக ஒன்று இருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது மாருதி டீசல் வண்டிகளையே நிறுத்திவிட்டது. தினமும் நெடுந்தூரம் ஓடவேண்டிய, கையில் மூன்று லட்சம் மட்டுமே உள்ள ஒருவருக்குப் பழைய டீசல் டிசையர் இன்றும் தேவை. அப்படிப்பட்ட ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. மீட்டரைப் பார்த்து ஒதுங்குகிறவர்கள் ஒதுங்கட்டும்.

விளம்பரமும் வந்தவர்களும்

ஆன்லைனில் போட்ட விளம்பரத்தின் முதல் வரியே "2,14,000 கி.மீ., பெரும்பாலும் ஹைவே ஓட்டம், சர்வீஸ் பில்கள் உண்டு". அதற்குக் கீழே குறைகள் என்று தனியாக எழுதினேன்: கிளட்ச் மாற்ற வேண்டும், பின் டயர் இரண்டும் பழசு, இடது கதவில் கீறல். கேட்ட விலை 3,35,000.

குறைகளை எழுதாதே என்று நண்பர்கள் தடுத்தார்கள். நான் எழுதியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். வந்த 41 அழைப்புகளில் பாதிக்கு மேல் "கடைசி விலை என்ன?" என்ற ஒரே கேள்வியோடு முடிந்தன. ஆனால் நேரில் வந்த ஒன்பது பேரும் மீட்டரையும் கிளட்ச்சையும் தெரிந்தே வந்தவர்கள். அங்கே நின்றுகொண்டு அதிர்ச்சி அடைந்ததுபோல் முகம் காட்டி 50,000 குறைக்க யாராலும் முடியவில்லை.

ஒருவர் டெல்லியைச் சொல்லி மிரட்டினார், பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று. அந்தத் தடை டெல்லி வட்டாரத்துக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் போட்டு, 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தமிழ்நாட்டில் பதிவான சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம். இந்த வண்டிக்கு 2029 மார்ச் வரை இருக்கிறது, அதற்கப்புறம் எஃப்.சி. பார்த்து ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். ஆர்.சி.யைக் காட்டியதும் அந்தப் பேச்சு நின்றது.

பாலக்காட்டிலிருந்து வந்தவர் 3,20,000 தருவதாகச் சொன்னார். எல்லாவற்றிலும் கூடுதலான விலை. ஆனால் அடுத்த மாநிலத்துக்குப் போனால் இங்கே என்.ஓ.சி. வாங்க வேண்டும், அங்கே வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். "அதெல்லாம் நான் மெதுவா பார்த்துக்கறேன், படிவத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க" என்றார். அந்த "மெதுவா" என்ற சொல்லுக்காகவே மறுத்துவிட்டோம். கன்சல்டிங்காரரும் இதே போல, பெயர் மாற்றத்துக்கான வெற்றுப் படிவம் 29, 30ல் கையெழுத்துக் கேட்டிருந்தார்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று மாமா கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கில், கார் விற்கப்பட்டது 2007ல். பல கை மாறி 2009ல் விபத்து. ஆர்.சி. மட்டும் முதல் ஆள் பெயரிலேயே இருந்தது. நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு அந்த முதல் ஆள்தான் என்றது நீதிமன்றம். வண்டி யாரிடம் இருக்கிறது என்பதை அல்ல, பதிவில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. பணம் வாங்கிப் பையில் போட்டதோடு விற்பனை முடிந்தது என்று நினைக்கும் ஒவ்வொருவரையும் நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

கடையில் கொடுத்தால் இந்தத் தலைவலி இல்லை என்பதும் பாதி உண்மைதான். 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வியாபாரியிடம் ஒப்படைத்து, படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், அடுத்து விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். இது நல்ல பாதுகாப்பு. ஆனால் அங்கீகாரம் இருக்கிறதா, 29சி பதிவானதா என்று நாம்தான் கேட்க வேண்டும். கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால், வண்டி ஆறு மாதம் ஷெட்டில் நின்றாலும் யார் யாரோ ஓட்டினாலும் பெயர் நம்முடையது.

காங்கேயத்துக்காரர்

செப்டம்பர் 20, சனிக்கிழமை காலை, காங்கேயத்திலிருந்து ஒருவர் தன் மெக்கானிக்கோடு வந்தார். அரிசி ஆலைகளுக்கு உதிரிபாகம் சப்ளை பண்ணுகிறவர், தினமும் 90 கிலோமீட்டர் ஓட்டம்.

"ஏனுங்க, ரெண்டு லட்சத்தை அப்படியே போட்டிருக்கீங்க?" என்றார்.

"ஓடினதை ஓடினதுன்னுதானுங்க போடணும்" என்றார் மாமா.

லைசென்ஸ் நகலை வாங்கிக்கொண்டு, நான் பக்கத்தில் உட்கார, அவிநாசிபாளையம் வரை ஓட்டினார். திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து பில் ஃபைலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அரை மணி நேரம் பேச்சே இல்லை. விடுபட்ட இரண்டு ஆயில் பில்லைச் சரியாகப் பிடித்துக் கேட்டார். ஒன்று கொரோனா ஊரடங்கு நேரம், வண்டி ஓடவே இல்லை. இன்னொன்றுக்கு எங்களிடம் பதில் இல்லை, இல்லை என்றே சொன்னோம். பின் டயரில் இருந்த நாலு இலக்க எண்ணை அவருடைய மெக்கானிக் படித்தார்: 3119. 2019ஆம் வருடம் 31ஆம் வாரம் செய்தது.

2,75,000ல் ஆரம்பித்தார். கிளட்ச்சுக்கு 12,000, டயருக்கு 9,000 என்று நாங்களே கழித்து 3,14,000க்கு வந்தோம். "திங்கக்கிழமை புது வண்டியே இறங்குதுங்களே" என்றார். அதுவும் நியாயம். 3,02,000ல் முடிந்தது. 10,000 யு.பி.ஐ.யில் டோக்கன்.

மீதியை ரொக்கமாகக் கொண்டுவருவதாகச் சொன்னார். ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கு அபராதம். செப்டம்பர் 24, புதன்கிழமை, அவருடைய பேங்க்கிலிருந்து 2,92,000 ஆர்.டி.ஜி.எஸ். வந்தது. அவர் காட்டிய மெசேஜை நம்பாமல் மாமாவின் பாஸ்புக்கில் பதிவு ஏறியதைப் பார்த்த பிறகே சாவி. டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் எழுதினோம், 11:40. அன்று மதியம் அவர் சிக்னல் தாண்டினாலும் அபராதம் யாருடையது என்பதற்கு அந்த மணிதான் சாட்சி. ஃபாஸ்டேக்கை அன்றே மூடி, கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுத்தோம்.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வெள்ளிக்கிழமை நானும் அவரும் ஒன்றாகவே போனோம். விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஒரே நாளில் இரண்டும் முடிந்தது. மாமாவின் இன்ஷூரன்சில் சேர்ந்திருந்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, அது ஆளோடு வருவது. அதற்குச் சான்று வாங்கிப் புது வண்டியின் பாலிசியில் சேர்த்தோம். பல பேர் இதைக் கேட்டு வாங்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கணக்கு இதுதான். 3,02,000ல் செலவு 8,800, மெக்கானிக் 1,000, காகித வேலை 2,500 போக 2,89,700. கடைசியாக ஷோரூம் சொன்ன 2,05,000த்தைவிட 84,700 கூடுதல். போனஸ் 20,000 இரண்டு வழியிலும் உண்டு. கொடுத்த விலை ஏழு வார இறுதிகள். இந்த வண்டிக்கு அது தகும், ஏனென்றால் எங்களிடம் பில் இருந்தது, ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக நான் இருந்தேன். பில் எதுவும் இல்லாமல், வயதானவர் தனியாக இருக்கும் வீடாக இருந்தால், வித்தியாசம் முப்பது நாற்பதாயிரம்தான் என்றால், அங்கீகாரம் உள்ள கடையில் 29சி போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 17 அன்று எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டேன். புது உரிமையாளர் பெயர் ஏறியிருந்தது. அந்த நகலைக் கொடுத்துப் போனஸும் வாங்கியாயிற்று.

நவம்பரில் காங்கேயத்துக்காரர் மாமாவைக் கூப்பிட்டார். கிளட்ச் மாற்றிவிட்டாராம், 11,400 ஆனதாம். "பில்லை உங்க ஃபைல்லயே போட்டு வெச்சிருக்கேனுங்க" என்றார்.